முதுகலை என்றால் எந்த முதுகலை? பட்டப் பெயர்களைத் தமிழில் எழுதும் முறை பற்றி ஒரு விமர்சனம்

நம் பாடநூல்களிலும் வழிகாட்டிக் கையேடுகளிலும் மாணவர் கட்டுரைகளிலும் கல்வித் தகுதிகளின் பெயர்கள் அடிக்கடி வருகின்றன. இளங்கலை, முதுகலை, முனைவர், டிப்ளோமா, பட்டயம், பட்டதாரி என்று மொத்தமே ஏழெட்டுச் சொற்கள்தான். எல்லாருக்கும் தெரிந்த சொற்கள் என்பதால் யாரும் அவற்றை நின்று பார்ப்பதில்லை. நின்று பார்த்தால் ஒன்று தெரியும். இந்தச் சொற்களை நாம் எழுதுகிற முறையில் பாதித் தகவல் காணாமல் போகிறது.

இது இலக்கணப் பிழை அல்ல. தேர்வில் இதற்காக மதிப்பெண் குறைவதும் அரிது. ஆனால் படிவம் 5 முடித்த ஒரு பிள்ளையும் அதன் பெற்றோரும் தமிழில் ஒரு விளம்பரத்தையோ வழிகாட்டிக் கட்டுரையையோ படித்து, அடுத்த மூன்று நான்கு வருடத்தையும் கையில் உள்ள பணத்தையும் எங்கே போடுவது என்று முடிவு செய்கிறார்கள். அந்த இடத்தில் ஒரு சொல் மங்கலாக இருந்தால் விலை கொடுப்பவர்கள் அவர்கள்தாம். அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

1. எல்லாவற்றுக்கும் 'இளங்கலை'

'இளங்கலை' என்ற சொல் பி.ஏ. பட்டத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. கலைத்துறையில் முதல் பட்டம், அதனால் இளங்கலை. சிக்கல் எங்கே வருகிறது? அறிவியல், பொறியியல், வணிகம் எல்லாவற்றுக்கும் அதையே போடும்போது. 'இயந்திரப் பொறியியலில் இளங்கலைப் பட்டம்' என்று மாணவர் எழுதுகிறார். நாமும் சிவப்பு மையால் தொடாமல் விட்டுவிடுகிறோம்.

தமிழ்நாட்டில் இதற்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. பி.எஸ்சி.க்கு இளமறிவியல், பி.காம்.க்கு இளம் வணிகவியல், பி.இ.க்கு இளம் பொறியியல். இவை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல 'இளநிலைப் பட்டம்' என்கிறார்கள். ஆக, 'இளநிலை' என்பது படிநிலையின் பெயர். 'இளங்கலை' என்பது அந்தப் படிநிலையில் உள்ள ஒரு பட்டத்தின் பெயர். இந்த ஒரு வேறுபாட்டை வகுப்பில் சொல்லிக் கொடுத்தாலே குழப்பம் பெரும்பகுதி தீரும்.

இலங்கைத் தமிழர் வேறு வழியில் போனார்கள். அங்கே பி.ஏ. என்பது கலைமாணி, பி.எஸ்சி. என்பது விஞ்ஞானமாணி, அடுத்த நிலை முதுமாணி, அதற்கும் மேலே கலாநிதி. பழந்தமிழில் 'மாணி' என்றால் கல்வி பயிலும் பிரம்மச்சாரி. ஆங்கிலத்தில் 'பேச்சலர்' என்ற சொல்லுக்கும் முதல் பட்டம் பெற்றவர், மணமாகாதவர் என்று இரண்டு பொருளும் உண்டு. அழகான பொருத்தம். இலங்கை எழுத்தாளர் ஒருவரின் குறிப்பில் 'கலாநிதி' என்று பார்த்தால் அது விருதுப் பெயர் என்று நம் மாணவர்கள் நினைத்துவிடக் கூடாது. அது நாம் சொல்லும் முனைவர்தான்.

நம் நாட்டில் இன்னொரு மொழியும் சேர்ந்துகொள்கிறது. மலாய் மொழியில் இளநிலைப் பட்டம் 'சர்ஜானா மூடா', முதுநிலைப் பட்டம் 'சர்ஜானா'. இதே 'சர்ஜானா' இந்தோனேசியாவில் முதல் பட்டம். அதற்கு அடுத்ததுதான் அங்கே 'மாகிஸ்தர்'. பக்கத்து நாடு, ஏறக்குறைய ஒரே மொழி, ஆனால் பட்டம் ஒரு படி கீழே இறங்கிவிடுகிறது. இந்தோனேசியச் செய்தியைத் தமிழாக்கும் மாணவர் 'சர்ஜானா' என்பதை முதுகலை என்று எழுதினால் தவறு.

2. ஒரே எம்.ஏ., வேறு வேறு உயரம்

'அவர் எம்.ஏ. படித்தவர்' என்றால் நமக்கு ஒரு படம் மனத்தில் வருகிறது: முதலில் பி.ஏ., பிறகு இரண்டு வருடம் மேற்படிப்பு. இது இந்திய நடைமுறை. உலகம் முழுக்க அப்படி இல்லை.

இங்கிலாந்தில் முழுநேரமாகப் படித்தால் எம்.ஏ. பொதுவாக ஒரே வருடம். ஸ்காட்லாந்தின் பழைய பல்கலைக்கழகங்களான எடின்பரோ, கிளாஸ்கோ, செயின்ட் ஆண்ட்ரூஸ், அபெர்டீன் ஆகியவற்றில் கலைத்துறையின் முதல் பட்டத்துக்கே எம்.ஏ. என்று பெயர். பள்ளி முடித்து நேராகப் போய் நான்கு வருடம் படித்து வாங்குவது அது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கதை இன்னும் வேடிக்கை. அங்கே பி.ஏ. பெற்றவர் குறிப்பிட்ட சில ஆண்டுகள் கழிந்ததும், தேர்வும் இல்லாமல் ஆய்வேடும் இல்லாமல் எம்.ஏ. பெற்றுக்கொள்ளலாம். மலேசியாவில் சர்ஜானா பாடவழியாகவும் இருக்கலாம், முழு ஆய்வாகவும் இருக்கலாம், இரண்டும் கலந்தும் இருக்கலாம்.

இந்த நான்கையும் நாம் 'முதுகலை' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். சொல் தவறில்லை. சொல்லோடு நாட்டையும் பல்கலைக்கழகத்தையும் எழுதாமல் விடுவதுதான் தவறு.

எம்.ஃபில். பட்டமும் இப்படித்தான். நம் ஆசிரியர்களில் பலர் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் எம்.ஃபில். முடித்தவர்கள். இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் கொண்டுவந்த விதிகளோடு அங்கே அந்தப் பட்டம் நிறுத்தப்பட்டது. பிரிட்டனில் அது இன்னமும் இருக்கிறது. 'எம்.ஃபில். சேரலாமா டீச்சர்?' என்று மாணவர் கேட்டால், எந்த நாட்டில் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

3. டிப்ளோமா படும் பாடு

இருப்பதிலேயே அதிகம் அலைக்கழிக்கப்படும் சொல் இதுதான்.

மலேசியாவில் டிப்ளோமா என்றால் எஸ்.பி.எம்.க்குப் பிறகு, பட்டத்துக்கு முன்பு. சிங்கப்பூரில் பாலிடெக்னிக்கில் மூன்று வருடம். இந்தியாவில் பத்தாம் வகுப்பு முடித்தவரே பாலிடெக்னிக் டிப்ளோமாவில் சேரலாம். அமெரிக்காவில் 'ஹைஸ்கூல் டிப்ளோமா' என்பது பள்ளி முடித்ததற்கான சான்று, அவ்வளவுதான். ஜெர்மனியில் பழைய 'டிப்ளோம்' முதுநிலைக்கு நிகரான பல்கலைக்கழகப் பட்டம். ஒரே சொல் பள்ளிச் சான்றிதழிலிருந்து முதுநிலை வரை ஏறி இறங்குகிறது.

தமிழில் இதற்குப் 'பட்டயம்' என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் நிலைநிறுத்தினார்கள். நல்ல சொல். செப்புப் பட்டயம் என்பது அரசன் கொடுத்த உரிமையைப் பொறித்த தகடு. பழைய ரோமில் படைவீரர்களுக்கு உரிமை வழங்கிய வெண்கலத் தகட்டையும் 'டிப்ளோமா' என்றுதான் இன்று சொல்கிறோம். பொருள் அளவில் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஆனாலும் வகுப்பறையில் எனக்கு இதில் தயக்கம் உண்டு. பட்டம், பட்டயம் இரண்டுக்கும் நடுவே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். காதால் கேட்கும்போது 'பட்டயப் படிப்பு' என்பது 'பட்டப் படிப்பு' என்றே விழுகிறது. நம் ஊரில் எல்லாரும் டிப்ளோமா என்றுதான் பேசுகிறோம். அப்படியே எழுதுவதில் குற்றமில்லை என்பது என் கட்சி.

இதைவிடப் பெரிய ஆபத்து அடைமொழியில் இருக்கிறது. 'அட்வான்ஸ்டு டிப்ளோமா', 'போஸ்ட்கிராஜுவேட் டிப்ளோமா' என்று இரண்டு இருக்கின்றன. தமிழில் ஒருவர் முதலாவதை 'மேல்நிலை டிப்ளோமா' என்கிறார், இன்னொருவர் இரண்டாவதை 'மேல்நிலை டிப்ளோமா' என்கிறார். மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் உள்ள 8 நிலைகளில் டிப்ளோமா 4ஆம் நிலை, அட்வான்ஸ்டு டிப்ளோமா 5ஆம் நிலை, இளநிலைப் பட்டம் 6ஆம் நிலை. போஸ்ட்கிராஜுவேட் டிப்ளோமா 7ஆம் நிலை. அதாவது ஒன்று பட்டத்துக்குக் கீழே, இன்னொன்று பட்டத்துக்கு மேலே. 'மேல்' என்ற ஒரே அடைமொழியை இரண்டுக்கும் போட்டால் படிப்பவர் என்ன செய்வார், பாவம்? முதலாவதை 'உயர் டிப்ளோமா' என்றும், இரண்டாவதைப் 'பட்டத்துக்குப் பிந்திய டிப்ளோமா' என்றும் எழுதினால் குழப்பமே இல்லை. மலாயில் 'லெபாஸ் இஜாசா' என்று சொல்வதும் இதே பொருளில்தான்: பட்டத்துக்குப் பிறகு.

ஆசிரியர்களுக்கு இது சொந்த விஷயம். நான் கையில் வைத்திருப்பதும் பட்டத்துக்குப் பிந்திய டிப்ளோமாதான். ஒரு பட்டதாரி ஆசிரியராவதற்கு வாங்கும் தகுதியின் பெயர் நாட்டுக்கு நாடு எப்படி மாறுகிறது பாருங்கள்.

இங்கிலாந்தில் பி.ஜி.சி.இ. அதில் உள்ள 'சி' சான்றிதழைக் குறிக்கிறது. ஸ்காட்லாந்தில் அதே வேலைக்கு, அதே ஒரு வருடப் பயிற்சிக்கு, பி.ஜி.டி.இ.; அங்கே 'டி' டிப்ளோமா. சிங்கப்பூரில் தேசியக் கல்விக் கழகம் வழங்குவதும் பி.ஜி.டி.இ. இந்தியாவில் பி.எட். பெயரில் அது இளநிலைப் பட்டம். ஆனால் ஏற்கெனவே ஒரு பட்டம் முடித்தவர்தான் பொதுவாக அதில் சேர முடியும். 2015 முதல் அது இரண்டு வருடம். நம் நாட்டிலோ கல்வியியலில் சர்ஜானா மூடா என்பது பள்ளிக்கல்விக்குப் பின் வாங்கும் முதல் பட்டம்.

ஆக, சான்றிதழ் வைத்திருப்பவர், டிப்ளோமா வைத்திருப்பவர், இளநிலைப் பட்டம் வைத்திருப்பவர் என்று மூன்று பேர் வரிசையில் நின்றால், பெயரை மட்டும் பார்த்து யார் உயர்ந்தவர் என்று சொல்ல முடியாது. மூவரும் ஒரே மாதிரி பயிற்சி பெற்ற ஆசிரியர்களாக இருக்கலாம்.

4. 'கெபூஜியான்' பாராட்டு அல்ல

இது நம் நாட்டுக்கே உரிய தடுமாற்றம். எஸ்.பி.எம். தரவரிசையில் பி பிளஸ் முதல் சி வரை 'கெபூஜியான்' என்ற சொல்லோடு வருகிறது. அங்கே அதன் பொருள் 'கிரெடிட்'. பல்கலைக்கழகப் பட்டத்தில் 'டெங்கான் கெபூஜியான்' என்று வந்தால் அதன் பொருள் 'ஆனர்ஸ்'. ஒரே மலாய்ச் சொல், இரண்டு வேறு பொருள். அகராதியைப் பார்த்துப் 'பாராட்டுடன் கூடிய பட்டம்' என்று எழுதினால் இரண்டுமே போய்விடும்.

'ஆனர்ஸ்' என்பதும் எல்லா இடத்திலும் ஒன்றில்லை. இங்கிலாந்தில் மூன்று வருடப் பட்டமே ஆனர்ஸ் பட்டமாக இருக்கும். ஸ்காட்லாந்தில் அதற்கு நான்காவது வருடம் படிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் பல படிப்புகளில் மூன்று வருடப் பட்டத்துக்குப் பிறகு தனியாக ஒரு வருடம். இலங்கையில் மூன்று வருடப் பொதுப்பட்டம், நான்கு வருடச் சிறப்புப்பட்டம் என்று பிரித்தார்கள். இந்தியாவிலும் 2020 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு நான்காவது வருடம் முடித்தால் ஆனர்ஸ் என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. தமிழில் 'சிறப்புப்பட்டம்' என்ற இலங்கை வழக்கு இதற்கு நன்றாகவே பொருந்துகிறது. அதை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

5. டாக்டர் யார்?

இந்த ஓர் இடத்தில் தமிழ் ஆங்கிலத்தைவிடத் தெளிவான மொழி. நமக்கு மருத்துவர் வேறு, முனைவர் வேறு. கௌரவமாக வழங்கினால் மதிப்புறு முனைவர். மூன்று சொல் கையில் இருக்கும்போது எல்லாவற்றுக்கும் 'டாக்டர்' என்று எழுதுவது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அழைப்பிதழில் போடுங்கள், பரவாயில்லை. கட்டுரையில் வேண்டாம்.

மருத்துவப் பட்டங்களையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். முதல் மருத்துவப் பட்டம். நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி. அங்கே எம்.டி. என்பது அதற்கு மேல் மூன்று வருடம் படித்து வாங்கும் சிறப்பு மருத்துவப் பட்டம். அமெரிக்காவில் எம்.டி.தான் முதல் மருத்துவப் பட்டம். ஆனால் பொதுவாக வேறொரு இளநிலைப் பட்டம் முடித்துவிட்டே அதில் சேர்கிறார்கள். பிரிட்டனில் எம்.டி. ஓர் ஆய்வுப் பட்டம். அவ்வளவு தூரம் போவானேன்? நம் நாட்டிலேயே மலாயாப் பல்கலைக்கழகம் எம்.பி.பி.எஸ். கொடுக்கிறது, யு.கே.எம்., யு.எஸ்.எம். இரண்டும் எம்.டி. கொடுக்கின்றன. மூன்றும் முதல் மருத்துவப் பட்டமே. ஒன்று உசத்தி, இன்னொன்று மட்டம் என்று பேசுவது வெறும் பெயர் மயக்கம்.

6. எண்ணைச் சொன்னால் தீர்ந்துவிடுமா?

'பெயரை விடுங்க, நிலை எண்ணைச் சொன்னால் போதும்' என்று சில நண்பர்கள் சொல்வார்கள். ஐரோப்பா அந்தத் திசையில்தான் போனது. 1999இல் 29 நாடுகள் போலோக்னாவில் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டன. அதிலிருந்து வளர்ந்ததுதான் இளநிலை, முதுநிலை, முனைவர் என்ற மூன்று படி அமைப்பும் பொதுவான கிரெடிட் கணக்கும். ஐரோப்பாவுக்குள் அது பெரிய உதவி.

ஆனால் எண்ணும் எல்லை தாண்டினால் ஏமாற்றும். 7ஆம் நிலை என்பது மலேசியாவிலும் இங்கிலாந்திலும் முதுநிலை. ஆஸ்திரேலியாவில் 10 நிலைகள் இருப்பதால் அங்கே 7ஆம் நிலை இளநிலைப் பட்டம், முதுநிலை 9. ஸ்காட்லாந்தில் 12 நிலைகள். அங்கே முதுநிலை 11.

கிரெடிட்டும் அப்படித்தான். பிரிட்டனில் முதுநிலைப் பட்டத்துக்கு 180 கிரெடிட். மலேசியாவில் பாடவழி முதுநிலைக்குக் குறைந்தது 40. பார்த்தவுடன் நம்முடையது நாலில் ஒரு பங்குபோலத் தெரிகிறது. ஆனால் பிரிட்டனில் ஒரு கிரெடிட் என்பது 10 மணி நேரக் கற்றல். மலேசியாவில் 40 மணி நேரம். பெருக்கிப் பாருங்கள். அங்கே 1800 மணி நேரம், இங்கே 1600. வீட்டில் படிக்கும் நேரமும் சேர்ந்த கணக்கு இது. வித்தியாசம் அவ்வளவுதான்.

7. வகுப்பில் என்ன செய்யலாம்?

பெயரும் எண்ணும் தனியாக நின்று பொருள் தராது என்றால், எதைக் கேட்பது? மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று, உள்ளே போக என்ன வேண்டும்? எஸ்.பி.எம். போதுமா, எஸ்.டி.பி.எம். வேண்டுமா, பட்டம் வேண்டுமா?

இரண்டு, எவ்வளவு படிப்பு? எத்தனை ஆண்டு, எத்தனை மணி நேரம், பாடமா ஆய்வா?

மூன்று, வெளியே வந்தால் எந்தக் கதவு திறக்கும்? மேற்படிப்பில் சேரலாமா, அந்தத் தொழிலைச் செய்ய உரிமம் கிடைக்குமா, எந்த நாட்டில்?

மாணவர்களே, கட்டுரையிலோ கருத்துணர்தல் பகுதியிலோ ஒரு தகுதியின் பெயர் வந்தால் அதை அப்படியே மாற்றாமல் எழுதுங்கள். டிப்ளோமா பெற்றவரைப் பட்டதாரி என்று எழுதாதீர்கள். 'பட்டம் பெற்றார்' என்று மட்டும் எழுதினாலும் போதாது. நம் நாட்டில் டத்தோ பட்டமும் பட்டம்தான்! எந்தத் துறையில், எந்த நிலையில், எங்கே என்று மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. தனிநாயகம் அடிகளைப் பற்றி எழுதும்போது 'அவர் பல பட்டங்கள் பெற்ற அறிஞர்' என்று முடித்துவிடுவது வழக்கம். அதையே இப்படி எழுதலாம்: 'தனிநாயகம் அடிகள் ரோமில் இறையியலில் முனைவர் பட்டமும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் எம்.ஏ. பட்டமும் எம்.லிட். என்னும் ஆய்வுப் பட்டமும், பின்னர் லண்டன் பல்கலைக்கழகத்தில் கல்வியியலில் முனைவர் பட்டமும் பெற்றார்.' ஒரே வாக்கியம்தான். ஆனால் முதல் வாக்கியத்தில் வெறும் புகழ்ச்சி இருக்கிறது. இரண்டாவதில் ஒரு மனிதரின் பயணம் தெரிகிறது. ஏற்கெனவே முனைவர் பட்டம் வைத்திருந்தவர், தமிழுக்காக மறுபடி எம்.ஏ. வகுப்பில் போய் உட்கார்ந்தார் என்பது தெரிகிறது. பிற்காலத்தில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்று, 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடக்க முன்னின்றவர் எப்படி உருவானார் என்பதும் புரிகிறது. எம்.லிட். என்பதை இங்கே 'ஆய்வுப் பட்டம்' என்று விளக்கியதற்கும் காரணம் உண்டு: இன்று செயின்ட் ஆண்ட்ரூஸில் எம்.லிட். ஒரு வருடப் பாடவழிப் பட்டம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'இதெல்லாம் கலைச்சொல் குழுவின் வேலை, நமக்கெதுக்கு?' என்று விட்டுவிட வேண்டாம். குழு எந்தச் சொல்லை முடிவு செய்தாலும் அதைப் பிள்ளைகளின் நாக்கில் பழக்குவது நாம்தான். அதுவரை ஓர் எளிய முறையைக் கையாளலாம். படிநிலையைத் தமிழில் எழுதுவோம்: இளநிலை, முதுநிலை, முனைவர். பட்டத்தின் சொந்தப் பெயரை அந்தந்த நாட்டில் வழங்கும்படியே தமிழ் எழுத்தில் எழுதுவோம். பக்கத்தில் நாட்டின் பெயர். 'ஸ்காட்லாந்தில் எம்.ஏ. என்னும் இளநிலைப் பட்டம் பெற்றவர்' என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது.

அதோடு ஒரு நடைமுறைப் பயிற்சியும் உண்டு. படிவம் 5 மாணவர்களிடம் கல்லூரி விளம்பரங்கள் இரண்டு மூன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதிலுள்ள தகுதிப் பெயரை மேலே சொன்ன மூன்று கேள்விக்கும் உட்படுத்தச் சொல்லுங்கள். மலேசியாவில் நடக்கும் படிப்பு என்றால் அது எம்.கியூ.ஏ. நடத்தும் மலேசியத் தகுதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் தேடச் சொல்லுங்கள். பதிவேட்டில் இல்லையென்றால் 'எக்ஸிகியூட்டிவ்', 'புரொஃபெஷனல்' என்று எவ்வளவு பெரிய அடைமொழி இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் கல்லூரியிடம் ஏன் என்று கேட்க வேண்டும். ஒரு பாடவேளை போதும். தமிழ்ப் பாடத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்றால், விளம்பரத்தைப் படித்துப் பொருளுணர்வதும் மொழித்திறன்தானே?